ஓசையின்றி வந்த வெப்பம்

நுழையும்முன்

பொறிகளோடு கூடி வாழும் காலம் இது. பொறியை இயக்கத் தெரிந்தவர் பலர். அது தரும் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தவர் சிலர். அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், பழச்சுமையை இழுத்துச் சென்ற ஒரு வண்டிக்கு நேர்ந்த இடரையும், அதை உடைமையாகக் கொண்ட உழவர் அறிந்துகொண்ட உண்மையையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

பழம் காத்திராது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலைத்தொடருக்கு மேற்கே, கொலராடோ ஆற்றங்கரையில் பாலிசேடு என்னும் சிற்றூர் உள்ளது. பீச் பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. கோடையின் பிற்பகுதியில் பழங்கள் ஒருசேரக் கனியும். நன்கு கனிந்த பீச் பழம் விரலால் அழுத்தினாலே கன்றிப்போகும். சில நாள்களில் அழுகிவிடும். ஆகவே அங்குள்ள உழவர்களுக்கு ஆகஸ்டு மாதம் என்பது அறுவடைக் காலம் மட்டுமன்று, ஓட்டப் பந்தயமும் ஆகும்.

பழங்களை விலை கொடுத்து வாங்கும் மக்கள் திரள், மலைக்கு அப்பால் டென்வர் நகரில் இருக்கிறது. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 375 கிலோமீட்டர். எழுபதாம் எண் நெடுஞ்சாலை இவ்விரு ஊர்களையும் இணைக்கிறது. சாலை அகலமானது, ஆனால் வழி எளியதன்று. முதலில் வெயில் கணவாய், கடல் மட்டத்திலிருந்து 3,250 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதைக் கடந்து இறங்கினால், ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி மீண்டும் ஓர் ஏற்றம். 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அச்சுரங்கம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. சாலையின் சில பகுதிகள், நூறு மீட்டர் சென்றால் ஏழு மீட்டர் உயரும் அளவுக்குச் செங்குத்தானவை.

அவ்வூரின் பழத்தோட்டக்காரர் ஒருவர், ஆண்டுதோறும் இவ்வழியே டென்வரின் சனிக்கிழமைச் சந்தைக்குச் சென்றுவந்தார். அவரிடம் பத்தாண்டுப் பழைமையான பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. கிளட்சு மிதியில்லாத, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. அதன் பின்னே பழப்பெட்டிகள் அடுக்கிய டிரெய்லரைப் பூட்டி, வெள்ளி மாலை புறப்பட்டு, நள்ளிரவில் மலையைக் கடந்து, விடியலில் கடை விரிப்பது அவரது வழக்கம். பள்ளி விடுமுறையில் அவருடைய பதினேழு வயது மகளும் உடன் செல்வாள்.

அந்த ஆண்டு விளைச்சல் மிகுந்தது. வழக்கமாக 200 பெட்டிகள் ஏற்றுபவர், அன்று 260 பெட்டிகள் ஏற்றினார். ஒரு பெட்டி 9 கிலோ எடையுள்ளது. டிரெய்லரின் எடையையும் கூட்டினால், வண்டி இழுக்கவேண்டிய பாரம் 3,200 கிலோவைத் தாண்டியது. அறுபது பெட்டிகள் கூடுதலாக ஏறியதை டயர்கள் காட்டின; வண்டியின் பின்புறம் சற்றுத் தாழ்ந்து நின்றது. சமவெளியில் வண்டி தடையின்றி ஓடியது. அதனால் அவர் மனம் அமைதியுற்றது.

கணவாயில் கேட்ட குரல்

வெயில் நகரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டியின் நடை மாறியது. மேல் கியருக்கு மாறும், சில நொடிகளில் கீழ் கியருக்கு இறங்கும், மீண்டும் மேலேறும். எந்தக் கியரில் நிற்பது என்று தெரியாமல் வண்டி தடுமாறிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வளைவில் அது நேர்ந்தது. எஞ்சினின் சுழற்சி விரைந்து உயர்ந்தது. வண்டியின் வேகமோ குறைந்தது. எஞ்சின் தரும் ஆற்றல் சக்கரத்தைச் சென்று சேராமல், வழியில் எங்கோ நழுவிக்கொண்டிருந்தது.

"உயரம் கூடக்கூடக் காற்று அடர்த்தி குறையும். எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான்," என்றார் தந்தை. அவர் சொன்னதில் உண்மை உண்டு. காற்றழுத்தியின் துணையில்லாத எஞ்சின், அந்த உயரத்தில் தன் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆனால் வலிமை குறைந்த எஞ்சின் தளர்ந்து ஒலிக்குமேயன்றி, இப்படி ஓலமிட்டு விரையாது. அந்த வேறுபாட்டை மகளின் செவி உணர்ந்தது.

திறந்திருந்த சாளரத்தின் வழியே கருகிய வாடை வந்தது. முகப்புப் பலகையில் கியர் எண்ணெயின் வெப்பம் காட்டும் அளவியை அவள் பார்த்தாள். முள் 250 பாரன்ஹீட் பாகையைத் தொட்டிருந்தது. அதாவது 121 செல்சியசு.

"அப்பா, வண்டியை நிறுத்துங்கள்."

"இன்னும் ஆறு கிலோமீட்டரில் உச்சி வந்துவிடும்."

"உச்சி வரும் அப்பா. வண்டி வருமா?"

அவர் பதில் சொல்லவில்லை. விடியலுக்குள் சந்தைக்குச் சேராவிட்டால் அந்த வாரத்து இடம் வீணாகும், பழமும் வீணாகும். ஓராண்டு உழைப்பின் பெரும்பகுதி ஆகஸ்டின் நான்கைந்து சனிக்கிழமைகளில்தான் பணமாகிறது. ஆயினும், மகளின் சொல் அவர் காலை மிதியிலிருந்து எடுக்கச் செய்தது. சாலையோர ஒதுக்கிடம் ஒன்றில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கச் சாவியில் கைவைத்தவர், உரிமையாளர் கையேட்டில் முன்பு படித்த ஒன்று நினைவுக்கு வரவே கையை விலக்கிக்கொண்டார். எஞ்சின் ஓடினால்தான் எண்ணெயைச் சுழற்றும் பம்பு ஓடும்; எண்ணெய் சுழன்றால்தான் அது குளிர்விப்பானுக்குள் சென்று வெப்பத்தை இறக்கிவைக்கும். ஆகவே கியரை நிறுத்த நிலையில் வைத்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, இருவரும் குளிரில் காத்திருந்தனர். முள் மெதுவாக இறங்கியது.

நாற்பது நிமிடம் கழித்து, தாழ்ந்த கியரில் நடைவேகத்தில் உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கி, ஃபிரிஸ்கோ என்னும் மலையூரை அடைந்தனர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் அடுத்த ஏற்றம் தொடங்குகிறது. அதைக் கடந்தால் டென்வர். தந்தை சாலையைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், பிறகு எஞ்சினை அணைத்தார். அவர் வாழ்வில் எடுத்த கடினமான முடிவுகளுள் அதுவும் ஒன்று.

அதே சந்தைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரரைத் தொலைபேசியில் அழைத்தனர். அவருடைய வண்டியில் 140 பெட்டிகளுக்கு இடம் இருந்தது. எஞ்சிய 120 பெட்டிகளை, மறுநாள் காலை அவ்வூர்க் கடைக்காரர் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். இழுத்துச் செல்லவென்றே இருந்த வண்டி, மற்றொரு வண்டியின் மேடைமீது ஏற்றப்பட்டுப் பட்டறைக்குச் சென்றது. பின்சக்கரங்கள் தரையில் உருள அதை இழுத்துச் செல்லவும் இயலாது. எஞ்சின் ஓடாதபோது கியர் பெட்டிக்குள் எண்ணெய் சுழலாது. சக்கரங்கள் மட்டும் சுழன்றால் உள்ளுறுப்புகள் உராய்ந்து கெடும்.

எண்ணெயால் ஆன கைகள்

பட்டறையின் முதிய மெக்கானிக் கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். செந்நிறமாக இருக்கவேண்டிய எண்ணெய் கறுத்திருந்தது. அதில் விரலை நனைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, தந்தையிடமும் மகளிடமும் நீட்டினார். கணவாயில் வீசிய அதே கருகல் வாடை. தட்டின் அடியில் கரிய துகள்கள் படிந்திருந்தன. அவை கிளட்சுத் தட்டுகளின் மேற்பூச்சு எரிந்து உதிர்ந்தவை.

அந்தப் பெட்டிக்குள் நிகழ்வதை அறிந்தால்தான் இந்த அழிவின் காரணம் விளங்கும். கிளட்சு மிதியுள்ள வண்டியில், எஞ்சினையும் சக்கரத்தையும் இணைப்பதும் பிரிப்பதும் ஓட்டுநரின் கால். தானியங்கிக் கியர் பெட்டியில் அப்பணியை எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று பட்டு மற்றொன்றும் சுழலத் தொடங்கும். காற்றுக்கு மாற்றாக எண்ணெயை வைத்து, இரு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தால், அதுவே முறுக்குவிசை மாற்றியின் அடிப்படை. இடையில் நிற்கும் மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயின் போக்கைத் திருத்தி விசையைப் பெருக்குகிறது. வண்டி நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காவது இதனாலேயே. கப்பல்களுக்காக இந்த அமைப்பை உருவாக்கிய ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர், 1905ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கிக் கியர் பெட்டியான ஹைட்ரா-மேட்டிக், 1940 மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தப்பட்டது.

எண்ணெயின் வழியே ஆற்றல் கைமாறும்போது ஒரு பகுதி நழுவுகிறது. நழுவியது எங்கும் மறைவதில்லை, அது வெப்பமாகிறது. பாலிசேட்டின் தோட்டக்காரர் ஓட்டிய வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5,700 கிலோ எனக் கொள்வோம். நூற்றுக்கு ஆறு என உயரும் சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஏற்றுவதற்கு, உயரத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 65 கிலோவாட் ஆற்றல் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு நழுவினாலும் 6 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். பத்துப் பன்னிரண்டு லிட்டர் எண்ணெய் கொண்ட வாளிக்குள், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆறினை ஒருசேர மூழ்கவைத்ததற்கு அது ஒப்பாகும். நெடுந்தொலைவு ஏற்றம் முழுவதும் அந்த வாளி சூடேறிக்கொண்டே இருக்கிறது.

இந்த நழுவலைத் தவிர்க்கவே, முறுக்குவிசை மாற்றிக்குள் பூட்டுக் கிளட்சு ஒன்றைப் பொறியாளர்கள் வைத்தனர். சீரான ஓட்டத்தில் அது இரு சக்கரங்களையும் நேரடியாகப் பூட்டிவிடும், நழுவல் நின்றுவிடும். ஆனால் உயர் கியரில் பாரத்தோடு ஏற்றத்தைச் சந்திக்கும்போது, எஞ்சினுக்கு விசை போதாமல் அந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. கியர் கீழிறங்கும், வேகம் கூடும், மேலேறும், பூட்டு மீண்டும் திறக்கும். கணவாயில் வண்டி தடுமாறிய ஒவ்வொரு முறையும் வாளிக்குள் வெப்பம் பொழிந்தது.

எண்ணெய்க்குத் தாங்கும் எல்லை உண்டு. 80 முதல் 95 செல்சியசு வரை அது தன் பணியைச் செவ்வனே செய்யும். அதற்குமேல் ஒவ்வொரு 11 பாகை உயர்வுக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் கைக்கணக்கு. வெப்பம் மிகுந்தால் எண்ணெய் ஆக்சிசனேற்றமடைந்து அரக்குப்போல் படியும்; ரப்பர் அடைப்புகள் இறுகும்; எண்ணெயின் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் கிளட்சுத் தட்டுகள் நழுவும்; தட்டுகள் நழுவினால் வெப்பம் மேலும் பெருகும். கேடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது.

தெரிந்து தெளிவோம்

தானியங்கிக் கியர் பெட்டியின் எண்ணெய், ஒரே வேளையில் ஐந்து பணிகளைச் செய்கிறது: ஆற்றலைக் கடத்துகிறது, கிளட்சுகளை அழுத்துகிறது, உறுப்புகளை வழுவழுப்பாக்குகிறது, வெப்பத்தை ஏந்திச் செல்கிறது, துருவைத் தடுக்கிறது. ஒரு காலத்தில், தட்டுகளின் உராய்வைச் சீராக்க இந்த எண்ணெயில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பைக் கலந்துவந்தனர். திமிங்கிலங்களைக் காக்கும் சட்டங்கள் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தபின், வேதியியலாளர்கள் அதற்கு மாற்றுப் பொருள்களை உருவாக்கினர்.

பொத்தானில் இருந்த தீர்வு

"மலைப்பாதையில் இழுவைப் பொத்தானை அழுத்துவீர்களா?" என்று மெக்கானிக் கேட்டார்.

தந்தை தயங்கினார். கியர் நெம்புகோலின் முனையில் அப்படி ஒரு பொத்தான் இருந்தது. தொடக்கத்தில் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அழுத்தியதும் வண்டி தாழ்ந்த கியரிலேயே நெடுநேரம் நின்றது. எஞ்சின் பேரிரைச்சல் எழுப்பியது. வண்டிக்கு வலிக்கிறது என்று எண்ணி, அன்றே அதை விட்டுவிட்டார்.

அவருடைய பிழை அந்த எண்ணத்தில்தான் இருந்தது. தாழ்ந்த கியரில் எஞ்சின் விரைந்து சுழலும்போது எழும் ஒலி, உழைப்பின் ஒலி. அந்நிலையில் பூட்டுக் கிளட்சு திறக்காமல் நிற்கும். கியர்கள் அடிக்கடி மாறாது. எண்ணெய்ப் பம்பும் குளிர்நீரும் விரைந்து ஓடும். வெப்பம் குறைவாகவே பிறக்கும். இறக்கத்திலோ எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்து, பிரேக்குகள் சூடேறாமல் காக்கும். மாறாக, உயர் கியரில் அமைதியாக ஏறுவதுபோல் தோன்றிய வண்டிதான் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அவர் இரைச்சலுக்கு அஞ்சினார். தீங்கோ ஓசையின்றி வந்தது.

"எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்?"

"மாற்றவே இல்லை. ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று வண்டி வாங்கும்போது சொன்னார்கள்."

"யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்கவேண்டும்," என்று முதியவர் சிரித்தார். அதில் ஏளனம் இல்லை. வெற்று வண்டியாகச் சமவெளியில் ஓடுவதற்கு ஒரு கணக்கு. பாரம் இழுப்பதற்கு வேறு கணக்கு. உரிமையாளர் கையேடுகள் பலவும், கடும் உழைப்புக்கு உட்படும் வண்டிக்குக் குறுகிய தவணையில் எண்ணெய் மாற்றச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை அவர் புரட்டியதில்லை.

இப்போது புதிய எண்ணெயை ஊற்றினால் போதாதா என்று தந்தை கேட்டார். எரிந்து உதிர்ந்த தட்டுகளைப் புதிய எண்ணெய் மீட்டுத் தராது என்றார் முதியவர். கியர் பெட்டியை முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கவேண்டும். அவர் சொன்ன தொகை, அந்தக் கோடையின் நான்கு சந்தைகளில் ஈட்டக்கூடிய இலாபத்துக்குச் சமமாக இருந்தது. தந்தை நெடுநேரம் பேசவில்லை. ஆண்டுக்கணக்கில் மிச்சம் பிடித்த சிறு செலவுகள் ஒன்றாகத் திரண்டு, வட்டியோடு வந்து நின்றன.

அப்போது மகள் கேட்டாள்: "அன்று உச்சிவரை நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?"

"உச்சிக்கு முன்பே பிடிப்பு முற்றும் அற்றுப்போயிருக்கலாம். மூவாயிரம் கிலோவைப் பின்னால் பூட்டிக்கொண்டு, இருட்டில், ஏற்றத்தின் நடுவில், பிரேக்கை மட்டும் நம்பி நின்றிருப்பீர்கள். இந்தச் செலவு சிறிது, குழந்தாய்."

வலியறிதல்

ஒரு வண்டி எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதை, அதன் எஞ்சினின் வலிமை மட்டும் முடிவுசெய்வதில்லை. கியர் பெட்டி, அச்சு, பிரேக், டயர், குளிர்விப்பான் ஆகிய அனைத்தும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அவற்றுள் எது எளியதோ அதுவே எல்லை. வண்டி, டிரெய்லர், பழம், பயணிகள் அனைத்தின் எடையும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று உற்பத்தியாளர் வரையறுக்கின்றார். அந்த எண்ணும் சமவெளிக்கும் மலைக்கும் ஒன்றாகவே அச்சிடப்படுகிறது. வழியின் தன்மையை ஓட்டுபவரே கூட்டிக் கழித்துக்கொள்ளவேண்டும். செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றானின் வலிமை ஆகியவற்றை எடைபோடுவதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அங்கே பாரம் ஏற்றிய வண்டியை உவமையாக்கியது எண்ணத்தக்கது. கடைசியாக ஏறும் சிறு சுமையும் முதல் சுமையைப்போலவே எடையுடையது. அறுபது பெட்டிகளை ஏற்றும்போது தோட்டக்காரர் கண்டது பழத்தின் விலையை. காணாதது மலையின் உயரத்தை.

புதுப்பித்த கியர் பெட்டியோடு, ரேடியேட்டருக்கு முன்னே எண்ணெய்க்கெனத் தனிக் குளிர்விப்பான் ஒன்றும் பொருத்தப்பட்டது. பெட்டிகள் 180ஆகக் குறைந்தன. டிரெய்லரின் பாரத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின்மீது இறங்குமாறு அவற்றை அடுக்கும் முறையையும் அவர் கற்றுக்கொண்டார். எண்ணெய் மாற்றும் நாளைக் கொட்டகைச் சுவரில், கத்தரிக்கும் நாளுக்கும் மருந்தடிக்கும் நாளுக்கும் அருகே எழுதிவைத்தார். மரத்துக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு வண்டிக்கும் கிடைத்தது.

அடுத்த ஆகஸ்டில் அதே கணவாயை அவர்கள் ஏறினர். வெயில் நகரைத் தாண்டுமுன்பே தந்தை இழுவைப் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் இரைந்தது. பெரிய பாரவண்டிகள் ஊர்ந்து செல்லும் வலத்தடத்துக்கு மாறி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிலைத்தார். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து சென்றன. முன்பெல்லாம் அது அவருக்குச் சிறுமையாகத் தோன்றும்.

"எவ்வளவு காட்டுகிறது?" என்று சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"தொண்ணூற்று மூன்று அப்பா," என்றாள் மகள், பாரன்ஹீட் கணக்கை மனத்துக்குள் மாற்றி.

இரைச்சலோடு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பின்னே, இருளில், பழங்களின் மணம் தொடர்ந்து வந்தது.

கற்பவை கற்றபின்...

1. "அவர் இரைச்சலுக்கு அஞ்சினார், தீங்கோ ஓசையின்றி வந்தது" – இத்தொடரின் பொருளை உங்கள் வாழ்வில் கண்ட நிகழ்வு ஒன்றோடு பொருத்தி எழுதுக.

2. உங்கள் ஊரில் பாரவண்டி ஓட்டுநர் அல்லது மெக்கானிக் ஒருவரைச் சந்தித்து, வண்டி பழுதாகும்முன் தரும் குறிப்புகளைக் கேட்டுத் தொகுக்க.

3. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரத்தைப் படித்து, இக்கட்டுரையோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.